கொம்பன் தீவு நீண்ட விதம்

போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போனால் மூன்று நாள், ஹெலிகாப்டரில் போனால் ஒன்றரை மணி நேரம், கடவுளை நம்பிப் போனால் எப்போது என்று யாருக்கும் தெரியாத தொலைவில், அந்தமான் கடலுக்குள் கொம்பன் தீவு இருந்தது. அந்தத் தீவில், இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டு, ரப்பர் மரத்தில் பால் வெட்டக் கொண்டுவந்து இறக்கப்பட்ட முந்நூற்றுச் சொச்சம் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. அந்தக் குடும்பங்களுக்கு நடுவே செல்லக்கிளி இருந்தாள். செல்லக்கிளியின் காலடியில் ஒரு தராசு இருந்தது. ரப்பர் ஷீட்டு நிறுக்கும் பழைய இரும்புத் தராசு அது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அறுபது தப்படியில் ஹெலிபேடு, ஹெலிபேடு ஓரத்தில் தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் தராசு. ஹெலிகாப்டரில் ஏறப் போகிற ஒவ்வொருவரையும் பையோடு அதில் நிறுத்தி எடை எழுதுவது முப்பது வருஷமாக அவளுடைய வேலை.

ஹெலிகாப்டருக்கு ஆளைத் தெரியாது, கிலோதான் தெரியும்; மொத்தம் மிஞ்சினால் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிக்க வேண்டும். ஆகவே கொம்பன் தீவில் எல்லோரும் எடையைக் குறைக்கக் கற்றுக்கொண்டார்கள். முதல் நாள் பட்டினி கிடந்தார்கள், வெற்றிலையைத் துப்பினார்கள், தோட்டைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டு அதுவும் எடைதான் என்று ஞாபகம் வந்து மறுபடி காதில் போட்டார்கள், தராசில் நிற்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், ஒரு குதிகாலை மட்டும் வெளியே தொங்கவிட்டுக் கூரையைப் பார்த்தார்கள். செல்லக்கிளி எல்லாவற்றையும் பார்த்தும் பார்க்காதவளாக இருப்பாள். ரொம்பவும் முடியாதவர் வந்து நின்றால், புடவைக் கரைக்கு அடியில் தன் கால் பெருவிரலைத் தராசுத் தட்டுக்குக் கீழே கொடுத்து மெல்ல நெம்புவாள். முள் ரெண்டு கிலோ இறங்கும். அந்தப் பெருவிரலால் பிழைத்தவர்கள் தீவில் ஐம்பது பேராவது இருப்பார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. பட்டியலில் இடம் கிடைக்காமல் முதலாவதாகக் காத்திருப்பவருக்கு ‘அடுத்தவர்’ என்று பெயர். அடுத்தவர்தான் நோயாளியின் பையைத் தூக்கிக்கொண்டு தராசு வரை வருவார். நோயாளி ஏறிவிட்டால் பையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார். கடைசி நேரத்தில் நோயாளி கண்ணை மூடிவிட்டால், தன் பையை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் ஏறுவார். இதில் யாருக்கும் வருத்தம் இல்லை, வெட்கமும் இல்லை. வந்த ஹெலிகாப்டரில் ஒரு கிலோ இடம்கூடக் காலியாகப் போகக் கூடாது என்பதுதான் அந்த ஊரின் ஒரே வேதம்.

செல்லக்கிளியின் புருஷன் மருதைக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் வியாதி. தீவு ஆஸ்பத்திரியில் டாக்டர் நாற்காலி உண்டு, டாக்டர் கிடையாது. மாதம் ஒரு தடவை போர்ட் பிளேருக்குப் போய் நீரை எடுத்துவிட்டு வர வேண்டும். நீர் எடுத்த கையோடு ஐம்பது கிலோ இருப்பான். அடுத்த முறை போக வேண்டிய நாளில் அறுபத்து மூன்று ஆகிவிடும். நோய் முற்ற முற்ற எடை கூடியது, எடை கூடக் கூட இடம் போயிற்று. மூன்று தடவை அவன் பெயரை அவளே தன் கையால் அடித்தாள். ஒரு தடவை பாம்பு கடித்த பையனுக்காக, ஒரு தடவை தலை திரும்பாத பிள்ளையோடு வலி எடுத்தவளுக்காக, மூன்றாவது தடவை ஓர் அதிகாரியின் மனைவி ஏதோ கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக. முதல் இரண்டையும் அவள் மனசு தாங்கிக்கொண்டது. மூன்றாவது அவளைக் கசப்பாக்கிவிட்டது.

அந்தக் கசப்பு ஆறாமல் இருந்த சமயத்தில்தான், ஹெலிபேடை எடுத்துவிட்டு விமான நிலையம் கட்டலாமா என்று பார்க்க ஜெபராஜ் என்ற இன்ஜினியர் வந்து இறங்கினார். ஐம்பது பேர் உட்காரும் விமானம், தினம் ஒன்று, பட்டியல் கிடையாது, பெருவிரல் கிடையாது, டிக்கெட் எடுத்தவன் ஏறலாம். அதற்கு வடக்கு தெற்காக ஆயிரத்து இருநூறு மீட்டர் சமதரை வேண்டும். அளக்கிற மிஷின் கப்பலில் உப்புத் தண்ணீர் குடித்துச் செத்துப்போயிருந்ததால், முப்பது மீட்டர் டேப்பை விரித்து முளை அடித்து முளை அடித்து அளக்க வேண்டியதாயிற்று. டேப்பின் பூஜ்ய முனையைப் பிடிக்க நம்பிக்கையான ஆள் யார் என்று அவர் கேட்டபோது, எடையில் முப்பது வருஷம் கை சுத்தமாக இருந்தவள் என்று ஊரே செல்லக்கிளியைக் காட்டியது.

கொம்பன் தீவின் சமதரை தொள்ளாயிரத்து இருபது மீட்டர்தான் என்பது அங்கே ஆடு மேய்க்கிறவர்களுக்கும் தெரியும். யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. தராசில் குதிகாலைத் தொங்கவிட்டே வளர்ந்த ஊர், டேப்பைப் பார்த்ததும் தானாகக் குதிகாலைத் தூக்கிவிட்டது, அவ்வளவுதான். ஒவ்வொரு முளை அடித்ததும் ஒருவர் ஓர் இளநீரைச் சீவிக் கொண்டுவந்து இன்ஜினியர் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் அண்ணாந்து குடிக்கிற நேரத்தில், தாழம்புதருக்குப் பின்னால் செல்லக்கிளி முளையைப் பிடுங்கிப் பத்துத் தப்படி பின்னால் நட்டு, டேப்பின் முனையைப் பெருவிரலால் அமுக்கிக்கொண்டு நின்றாள். நாற்பது முளை, நாற்பது இளநீர். சாயங்காலம் ஜெபராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆயிரத்து இருநூறு என்று எழுதினார், கீழே செல்லக்கிளி கையெழுத்துப் போட்டாள்.

“ஏன் கிளி இப்படி செஞ்ச?” என்று மருதை கேட்டான்.

“மூணு வாட்டி ஒங்க பேர அடிச்ச கை இது. நாலாவது வாட்டி அடிக்காதுங்க.”

மறுநாள் விடிந்தபோது தீவு நீண்டிருந்தது.

செல்லக்கிளி அதை எப்படிக் கண்டாள் என்றால், அவளும் மருதையும் கைக்கு எட்டுகிற தூரத்தில் பாய் போட்டுப் படுப்பவர்கள்; விழித்ததும் அவன் வயிற்றைத் தொட்டு எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று பார்ப்பது அவள் பழக்கம்; அன்று கையை நீட்டினாள், எட்டவில்லை. வெளியே வந்தால் கிணறு தள்ளிப் போயிருந்தது, கொடிக் கயிறுகள் எல்லாம் அறுந்து கிடந்தன, ஹெலிபேடில் வெள்ளையடித்திருந்த வட்டம் முட்டை மாதிரி ஆகியிருந்தது. வடக்கு தெற்காக மட்டும் நீண்டிருந்தது. கிழக்கு மேற்கில் அப்படியே இருந்தது. ஜெபராஜ் தரையைப் பார்த்தார், தன் நோட்டைப் பார்த்தார், இரண்டும் ஒத்துப் போனதால் மேற்கொண்டு எதுவும் யோசிக்காமல் கப்பலேறிப் போய்விட்டார்.

ஊர் ஆச்சரியப்படவில்லை. கடலே ஒரு தடவை ஊருக்குள் வந்துவிட்டுத் திரும்பிப் போனதைப் பார்த்த ஜனங்கள் அவர்கள். ‘நம்ம சொன்னோம், அது நீண்டுச்சு, இதுல என்னா இருக்கு’ என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். கொடிக் கயிற்றை ஒட்டுப்போட்டுக் கட்டினார்கள். பள்ளிக்கூட மணி காதுக்கு எட்டாமல் போகவே, வழியில் இரண்டு வீட்டுக்காரர்கள் தட்டை எடுத்துத் தட்டி மணியை அஞ்சல் செய்தார்கள். வடக்கே இருக்கிற மாரியம்மன் தெற்கே இருக்கிற கடலுக்குப் போய்வர நேரம் கூடியதால், மேளக்காரர்கள் நடுவழியில் ஒரு சாப்பாடு கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவே பத்தடி கூடிப்போனதால் புருஷன் பெண்டாட்டி சண்டைகள் குறைந்தன. கத்திக் கத்தித் திட்ட யாருக்குத் தெம்பு இருக்கிறது? முதலில் எல்லோரும் இதையெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு கால் வலிக்க ஆரம்பித்தது.

ஏனென்றால் தீவு நிற்கவில்லை. ஆயிரத்து இருநூறைக் கொடுத்த பிறகும், கேட்காமலே, தினம் முப்பது தப்படி, நாற்பது தப்படி என்று கொடுத்துக்கொண்டே இருந்தது. தெற்குக் கோடியில் கான்கிரீட் போட்ட ஓடுதளத்தை அது தொடவில்லை. அங்கே கேட்டது கேட்டபடி இருந்தது. ஊருக்கும் ஓடுதளத்துக்கும் நடுவில்தான் நிலம் ஊறியது. மண் நீண்டதே தவிர, மேலே போட்ட தார் நீளவில்லை. புது ரோடு அப்பளம் நொறுங்கின மாதிரி துண்டு துண்டாகி, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே வண்டிச் சக்கரம் இறங்கினால் ஏறாத பள்ளங்கள் விழுந்தன. விமான நிலையம் கட்டி முடிந்து, கண்ணாடிக் கதவு வைத்து, ரிப்பன் வெட்டி, ஹெலிகாப்டரை நிறுத்தி, தராசைக் கழற்றி மூலையில் சாத்தியபோது, ஆஸ்பத்திரியிலிருந்து அறுபது தப்படியாக இருந்தது பன்னிரண்டாயிரம் தப்படி ஆகியிருந்தது. நடந்து போய்ச் சேர்ந்தவர்கள் விமானத்தில் தூங்கித்தான் போனார்கள்.

தீவில் நீளாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. அதைக் கண்டுபிடித்தவன் காத்தமுத்து. குழி வெட்டுவதும் ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர் தூக்குவதும் அவன் வேலை. “அக்கா, இடுகாட்ட அளந்து பாத்தேன். வேலிக்கு வேலி அதே நூத்திப் பத்து அடிதான். ஒரு அங்குலம் அசையல” என்று அவன் வந்து சொன்னபோது, வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மருதை, “நம்ம ஆளுங்க படுத்திருக்காங்கள்ல. அவுங்க எங்கடா நகருவாங்க? நகந்தது போதும்னுதானே படுத்தாங்க” என்றான். மலையிலிருந்து கப்பல், கப்பலிலிருந்து முகாம், முகாமிலிருந்து தீவு என்று நகர்ந்தவர்களின் மகன் அவன்.

செல்லக்கிளி அரை நாள் நடந்து போய், மேற்பார்வைக்காகத் திரும்பி வந்திருந்த ஜெபராஜிடம் உண்மையைச் சொன்னாள்.

“சார், நான் பொய் அளவு காட்டுனேன். தொள்ளாயிரத்து இருவதுதான். அத எழுதுங்க சார். தீவு பழையபடி சுருங்கட்டும், ஹெலிகாப்டரே வரட்டும்.”

ஜெபராஜ் கெட்டவர் இல்லை. புது மிஷினைக் கொண்டுவரச் சொல்லி அவள் முன்னாலேயே அளந்தார். ஆயிரத்து இருநூறு வந்தது. மறுபடி அளந்தார், மறுபடி ஆயிரத்து இருநூறு.

“நீங்க பொய் சொல்லலியேம்மா” என்றார். “சரியாத்தான இருக்கு.”

பொய்யைத் திருப்பி எடுத்துக்கொள்ள இடம் இல்லாமல் போயிற்று. அது புல் முளைத்த தரையாக அவள் காலுக்குக் கீழே கிடந்தது. செல்லக்கிளிக்கு அழுகை வரவில்லை, அலுப்பு வந்தது. இந்த உலகத்தில் ஒரு நல்லதைக்கூட அளவாகக் கேட்கத் தனக்குத் தெரியவில்லையே என்கிற அலுப்பு. வீடு வந்து சேர இருட்டிவிட்டது.

அந்த மாதக் கடைசியில் மருதைக்கு மூச்சு முட்டியது. நாலு மணி விமானத்துக்கு அவள் டிக்கெட் எடுத்தாள். அவன் பெயர் அச்சடித்த சீட்டு, யாரும் அடிக்க முடியாத பெயர். அதைக் கையில் வாங்கியபோது, எல்லா அலுப்புக்கும் நடுவே, அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. விடிகிற நேரத்தில் காத்தமுத்துவும் இன்னும் மூன்று பேரும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். ரோட்டுப் பள்ளத்தை நிரவ ஒருவன் மண்வெட்டி எடுத்துக்கொண்டான். மருதையின் பையோடு தன் பையையும் தூக்கிக்கொண்டு பொன்னாத்தா வந்தாள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஆபரேஷனுக்காக எட்டு மாதமாக ஹெலிகாப்டர் பட்டியலில் அடுத்தவராகவே இருந்து, அந்தப் பட்டியலே இல்லாமல் போய், டிக்கெட்டுக்குக் காசும் சேராதவள் அவள்.

“இப்ப அதெல்லாம் கெடையாதே பொன்னாத்தா, நீ எதுக்கு நடக்குற?” என்றாள் செல்லக்கிளி.

“அடுத்தவ நான்தானே? பைய வேற யாரு தூக்குவா?” என்றாள் அவள்.

நடந்தார்கள். ரப்பர் காட்டைத் தாண்டி, உடைந்த ரோட்டைத் தாண்டி, முன்பு கடலோரமாக இருந்து இப்போது நடுவிலிருக்கிற தாழம்புதரைத் தாண்டி, வெயில் ஏற ஏற நடந்து, புதுத் தரைக்கு வந்தார்கள். அங்கே எதற்கும் பெயர் இல்லை. புல்லுக்குப் பெயர் இல்லை, மேட்டுக்குப் பெயர் இல்லை, நண்டு வளைகூட இல்லாத மணல். ஒரு வருஷத்துக்கு மேல் வயசான மரம் ஒன்றும் அந்தப் பரப்பில் இல்லை. ஸ்ட்ரெச்சர்காரர்கள் நிழல் தேடிப் பார்த்துவிட்டு, நிழல் இல்லை என்று தெரிந்து, நடந்துகொண்டே இருந்தார்கள்.

“எறக்குங்கப்பா” என்றான் மருதை.

இறக்கினார்கள். செல்லக்கிளி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கையை நீட்டி மணலை அள்ளிப் பார்த்தான்.

“இது நீ சொன்னதுல வந்த தரைதானே கிளி?”

“ஆமாங்க.”

“நல்ல மண்ணுதான்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, “நான் எம்புட்டு இருக்கேன் இப்ப?” என்றான்.

பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்தது. “அறுவத்து மூணு.”

“அதுல பதிமூணு தண்ணி.” சிரிக்கப் பார்த்தான். “கிளி, என்னய திருப்பித் தூக்கிட்டுப் போவாத. பழைய இடுகாடு அங்கயே நின்னுக்கும், அதுக்கு ஆளு இருக்கு. இங்கதான் யாரும் இல்ல. இங்கயே வையி. இது நிக்கட்டும்.”

“எந்திரிச்சு வாங்க. நாலு மணிக்குத்தான் விமானம், நேரம் இருக்கு.” அவன் கையைப் பிடித்து அவள் இழுத்தாள், கோபமாக இழுத்தாள். “ஒங்களுக்காகத்தானே இம்புட்டும் செஞ்சேன்? ஊரு பூரா காலு ஒடிய நடக்குதே, யாருக்காக?”

“அதுக்குத்தான் சொல்றேன்” என்றான் மருதை. அவள் பிடித்திருந்த கையை அவன் விடுவித்துக்கொள்ளவில்லை. கை தானாகக் கனத்தது. உயிர் போனால் எடை குறையும் என்று சொல்வார்கள். முப்பது வருஷம் எடை பார்த்தவளுக்குத் தெரியும், குறையாது, கூடும்.

காத்தமுத்து தயங்கினான். “அக்கா, ஒறமொற இல்லாம, பேரு இல்லாத எடத்துல எப்படி வைக்கிறது? ஊருக்குத் தூக்கிடலாம்.” அவள் தலையை ஆட்டினாள். சாகிறவன் சொன்ன சொல் அது. பொய்க்கே நீண்ட தரை, இந்தச் சொல்லுக்கு நிற்காதா என்று அவளுக்குத் தோன்றியது. பள்ளம் நிரவக் கொண்டுவந்த மண்வெட்டியால் குழி வெட்டினார்கள். மூன்று பிடி மண் போட்டாள், வாய்விட்டு அழுதாள், நன்றாக அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சூரியனைப் பார்த்தாள். மணி ஒன்று இருக்கும்.

“பொன்னாத்தா, ஒம் பைய எடு” என்றாள். “எடம் காலியாப் போவக் கூடாது.”

அவர்கள் இரண்டு பேர் மட்டும் நடந்தார்கள். செல்லக்கிளி புதைத்த இடத்திலிருந்து தப்படியை எண்ணிக்கொண்டே வந்தாள். கண்ணாடிக் கதவு வரை நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு வந்தது.

கவுன்ட்டரில் இருந்த பெண் சீட்டை வாங்கிப் பார்த்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். “மருதைங்கிறவர் வரலியாம்மா?”

“அவரு வர மாட்டாரு. இவ அடுத்தவ. நாப்பத்தெட்டு கிலோதான், அவர விடக் கொறச்சல். ஏத்திக்கங்க.”

“பேரு மாத்த முடியாதும்மா. வேற டிக்கெட் எடுக்கணும். இன்னைக்கு ஃபுல் ஆயிடுச்சு.”

“ஃபுல்லு எப்படிம்மா? அவரு எடம் இருக்குல்ல?”

“அது அவரு எடம்மா. அவரு வரலைன்னா காலியாத்தான் போகும்.”

செல்லக்கிளிக்குப் புரிய நேரமாயிற்று. பாம்பு கடித்த பையனுக்காக விட்டுக்கொடுத்த இடம், தலை திரும்பாத பிள்ளைக்காக விட்டுக்கொடுத்த இடம், கல்யாணத்துக்குப் பிடுங்கிக்கொண்டு போன இடம். அது இப்போது யாராலும் பிடுங்க முடியாதபடி மருதைக்கே மருதைக்கென்று இருந்தது. கவுன்ட்டருக்குக் கீழே பளபளவென்று ஒரு மிஷின் தராசு இருந்தது. அவள் கால் பெருவிரல் தானாக நகர்ந்து அதன் அடியில் துழாவியது. அடியில் சந்து இல்லை.

“அறுவத்து மூணு கிலோ காலியாப் போவுதேம்மா” என்றாள். “நாங்க ஒரு கிலோ விட்டதில்லையே.”

அந்தப் பெண் அவள் வெயிலில் களைத்துப் பேசுகிறாள் என்று நினைத்து ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். நாலு மணிக்கு விமானம் கிளம்பியது. ஜன்னலோர இடம் அது என்று சீட்டில் போட்டிருந்தது. பொன்னாத்தா சத்தம் போன திசையில் முகத்தைத் திருப்பி, தெரியாத கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி நடந்தார்கள். வெயில் சாய்ந்திருந்தது. கொஞ்ச தூரம் போனதும் பொன்னாத்தா, “இன்னும் நீளுதா?” என்று கேட்டாள். “எண்ணிக்கிட்டு வர்றேன், பேசாத” என்றாள் செல்லக்கிளி. போன தடவை இதே வழியாக ஜெபராஜைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, போனதைவிட வந்தது அதிகமாக இருந்தது. கொம்பன் தீவில் எந்த வழிக்கும் அப்போது இரண்டு நீளம், போக ஒன்று, வர ஒன்று. அவள் எண்ணினாள். நாலாயிரம் தாண்டியது. நாலாயிரத்து ஐந்நூறு தாண்டியது. தூரத்தில் காத்தமுத்துவும் மற்றவர்களும் ஸ்ட்ரெச்சரைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருப்பது தெரிந்தது. நாலாயிரத்து அறுநூற்றுப் பத்து, பதினொன்று.

பன்னிரண்டாவது தப்படியில் அவள் கால் பெருவிரல் குழி மேட்டின் புது மண்ணில் இடித்தது. அப்படியே கீழே உட்கார்ந்து, கையை நீட்டினாள். எட்டியது.

“நின்னுடுச்சுங்க” என்றாள்.